அம்மாவைக் கடற்கரை ஹோட்டலுக்கு அழைத்துப் போகலாமா?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்ட கேள்விக்கு இது பதில். அவர் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கடற்கரை ஹோட்டலில் மூன்று இரவு தங்க ஆசைப்படுகிறார். அவர், கணவர், 14, 9, 5 வயதில் மூன்று பிள்ளைகள், திருமணமாகாத தங்கை, 71 வயது அம்மா, ஆக மொத்தம் ஏழு பேர். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். முழங்கால் வலி, சர்க்கரை இரண்டும் உண்டு. இன்றுவரை எந்த ஹோட்டலிலும் தங்கியதில்லை. லங்காவி போகலாமா, பங்கோர் போதுமா, எத்தனை அறை எடுப்பது என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "அம்மா, எனக்கு எதுக்கும்மா இந்தச் செலவு, நீங்க போயிட்டு வாங்கன்னு சொல்றாங்க. இந்தப் பணத்தை இதுல போடறது சரியா?"

அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. எந்தத் தீவு என்பதை ஒரு மணி நேரத்தில் முடிவு செய்துவிடலாம். அம்மா அங்கே வந்து மூன்று நாளும் கூச்சத்தோடு, யாருக்கோ இடைஞ்சலாக இருப்பதுபோல ஓரமாக உட்கார்ந்திருப்பாரா, இல்லை நம்மோடு சேர்ந்து சந்தோஷப்படுவாரா? அதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். அதற்கு நான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நானும் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன்தான். 23 வருடம் கடற்கரை ஹோட்டல்களில் வேலை செய்தேன். முதல் ஐந்து வருடம் பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரையில் அறை சுத்தம் செய்யும் வேலை. அப்புறம் அங்கேயும் லங்காவியிலும் முன்மேசை (ரிசப்ஷன்) வேலை. அதனால் அறை எப்படி ஒதுக்கப்படுகிறது, பணம் எங்கே கூடுகிறது, குடும்பங்கள் எங்கே சங்கடப்படுகின்றன என்பதெல்லாம் எனக்கு நேரடியாகத் தெரியும். நான் மருத்துவன் இல்லை. அம்மாவின் முழங்கால், சர்க்கரை பற்றி நான் சொல்வது வரும் விருந்தினர்களைப் பார்த்துப் பழகிய அளவுக்குத்தான். மருந்து விஷயத்தை உங்கள் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். கிழக்குக் கரையில் நான் வேலை பார்த்ததில்லை, ஆனாலும் டிசம்பரில் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். பெர்ஹெந்தியான், ரெடாங் மாதிரித் தீவுகளில் பெரும்பாலான விடுதிகள் அந்த மாதங்களில் மூடிவிடும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். நான் அறை சுத்தம் செய்துகொண்டிருந்த காலத்தில், பெரிய குடும்பம் ஒன்று வந்து இரண்டு இரவு தங்கியது. அவர்கள் கிளம்பிய பிறகு ஓர் அறைக்குள் நுழைந்தேன். யாரும் தங்கவில்லையோ என்று நினைத்தேன், அறை அப்படி இருந்தது. கட்டில் விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துவிடப்பட்டிருந்தது. இரண்டு தேநீர்க் கோப்பைகளும் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. வெள்ளைத் துண்டுகள் மடிப்புக்கூடக் கலையவில்லை. குளியலறைக் கதவின் கொக்கியில் மட்டும், வீட்டிலிருந்து கொண்டு வந்த ஒரு பழைய பச்சைத் துண்டு மறதியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் ஒரு தலையணை. அந்த அறையில் தங்கிய பாட்டி இரண்டு இரவும் தரையில்தான் படுத்திருக்கிறார். துண்டைத் தொட்டால் காசு கேட்பார்களோ என்று பயந்திருக்கிறார். அவர் பேத்தி பிறகு துண்டைத் தேடிக்கொண்டு வந்தபோது அவளே சொன்னாள். யாராவது ஒருவர் முதல் நாளே, "பாட்டி, இதெல்லாம் வாடகையிலேயே அடக்கம்" என்று சொல்லியிருந்தால் போதும்.

எனவே போகுமுன் வீட்டிலேயே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். துண்டு, சோப்பு, ஷாம்பு, தேநீர்த் தூள், சீனி, மேசையில் வைத்திருக்கும் தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் கட்டணத்தில் சேர்ந்தவை. துண்டு நனைந்தால் இன்னொன்று கேட்கலாம், அதற்குக் காசில்லை. குளிர்பெட்டிக்குள் இருக்கும் இனிப்புப் பானம், சாக்லெட் மாதிரியான பொருள்களுக்குத்தான் காசு. அது குழம்பும் என்றால், அறைக்குப் போனதும் முன்மேசைக்குப் போன் செய்து "அதையெல்லாம் எடுத்துவிடுங்கள்" என்று சொல்லலாம். பிள்ளைகள் கைவைக்காமல் இருக்கவும், அம்மாவின் இன்சுலின் வைக்க இடம் கிடைக்கவும் நாங்களே எத்தனையோ பேருக்கு அப்படிக் காலி செய்து கொடுத்திருக்கிறோம். இன்சுலின் இருந்தால் இன்னொன்றையும் கேளுங்கள். சில ஹோட்டல்களில் அறையை விட்டு வெளியே போகும்போது கதவு அட்டையை உருவினால் குளிர்பெட்டிக்கும் மின்சாரம் நின்றுவிடும். அப்படியானால் கூடுதலாக ஓர் அட்டை தரச் சொல்லுங்கள்.

சரி, எந்தத் தீவு என்பதற்கு வருவோம். உங்கள் குடும்பத்துக்கு நான் பங்கோர் என்றுதான் சொல்வேன். இது என் கருத்து, விதி இல்லை. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வழியாக லூமுட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். அங்கிருந்து படகில் அரை மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும். லங்காவி என்றால் வடக்கே கெடா வரைக்கும் ஓட்டி, கோலக்கெடாவிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம் படகில் உட்கார வேண்டும். கோலப்பெர்லிஸ் வழி போனால் படகு நேரம் குறையும், சாலை நேரம் கூடும். அலை கொஞ்சம் எழும்பினால் மூடிய படகுக்குள் வயதானவர்களுக்குக் குமட்டும். முழங்கால் மடக்கியபடி அவ்வளவு நேரம் உட்கார்ந்து எழுந்தவர்களைக் குவா படகுத்துறையில் இறக்கி, ஹோட்டலுக்குக் கொண்டு வரும்போது முதல் நாள் அப்படியே போய்விடும், திரும்பும் நாளும் அதேபோல. மூன்று இரவு என்று கணக்கு எழுதினாலும் அம்மாவுக்கு மிஞ்சுவது இரண்டு நாள்தான். லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு, கேபிள் கார் இருக்கிறது, சுற்றிப் பார்க்க இடம் நிறைய. அதெல்லாம் நடக்கிறவர்களுக்கு. பிள்ளைகள் இன்னும் வளர்ந்ததும் அவர்களோடு தனியாக ஒருமுறை போய்க்கொள்ளலாம்.

பங்கோரில் லூமுட் படகு முதலில் சுங்கை பினாங் கெச்சில் என்ற மீனவர் கிராமத்தில் நிற்கும். அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள், அடுத்தது பங்கோர் பட்டணம். தீவில் இளஞ்சிவப்பு வேன்கள்தான் டாக்சி. ஏழு பேருக்கும் பெட்டிகளுக்கும் ஒரே வேனில் இடம் போதுமா என்று பார்த்து, ஏறுமுன் விலை பேசிவிடுங்கள். குளிக்கத் தோதான மணற்கரைகள் தீவின் மேற்குப் பக்கம் இருக்கின்றன, பாசிர் போகாக், தெலுக் நிப்பா மாதிரி. கிழக்குப் பக்கம் மீன்பிடிப் படகுகளும் நெத்திலி காயவைக்கும் இடங்களும். அம்மா அந்தக் கருவாட்டுக் கடைகளில் ஒரு மணி நேரம் நின்று விலை கேட்பார் என்று இப்போதே சொல்லிவிடலாம். நிற்கட்டும். ஆனால் வாங்குவதைக் கிளம்பும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் கருவாட்டு வாசம் ஏறினால் திரைச்சீலையிலிருந்து போக நாள்கணக்காகும், அதற்குத் தனிக் கட்டணம் போடும் ஹோட்டல்கள் உண்டு. டுரியானும் அப்படித்தான். மங்குஸ்தீன் பழத்தையும் உள்ளே விடமாட்டார்கள். காரணம் வாசம் இல்லை. அந்தத் தோலின் சாறு வெள்ளை விரிப்பில் பட்டால் எந்தச் சலவைக்கும் போகாது. நானே தேய்த்துத் தோற்றிருக்கிறேன்.

தீவில் கடலைப் பார்த்த மாதிரி பத்ரகாளியம்மன் கோயில் இருக்கிறது. மாசி மகத்துக்கு அங்கே ஆயிரக்கணக்கில் நம் மக்கள் திரள்வார்கள். நீங்கள் போவது டிசம்பர் என்பதால் கூட்டம் இருக்காது, அம்மா நிதானமாகக் கும்பிடலாம். "கோயிலுக்குப் போறோம், அங்கேயே ரெண்டு நாள் தங்கிட்டு வரோம்" என்று சொன்னால் மறுக்கிற அம்மா கிளம்பிவிடுவார் என்பது பல குடும்பங்களில் நான் கண்டது.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. மேற்குக் கரையில் பருவம் மாறும் மாதங்களான ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பரில்தான் மழை கூடுதல். டிசம்பரில் வடக்கே போகப் போக வானம் தெளியும், லங்காவி அப்போது நன்றாக வெளுத்திருக்கும். பங்கோரில் பிற்பகலில் ஒரு பாட்டம் மழை பெய்து விடும். அதற்கு மேல் "இந்தத் தேதியில் மழை வராது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கடல் வேலையைக் காலையில் முடித்துவிட்டுப் பிற்பகலுக்கு எதுவும் வைத்துக்கொள்ளாமல் இருந்தால் மழை வந்தாலும் ஒன்றும் கெடாது.

இப்போது அறை. இதில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் பயணம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஏழு பேருக்கு இரண்டு அறை வேண்டும். ஓர் அறை எடுத்து மற்றவர்களை மெதுவாக உள்ளே அழைத்துக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். தீ பிடித்தால் எந்த அறையில் எத்தனை பேர் என்ற கணக்கைப் பார்த்துத்தான் வெளியேற்றுவார்கள். அது ஒருபக்கம் இருக்க, காலையில் பசியாறும் இடத்தில் அறை எண்ணும் ஆள் எண்ணிக்கையும் கேட்கும்போது முதலில் கூனிக் குறுகுவது அம்மாவாகத்தான் இருக்கும். ஓர் அறையில் தனித்தனிக் கட்டில் இரண்டு, கூட ஒரு கூடுதல் படுக்கை: அம்மா, தங்கை, மூத்த மகள். இன்னோர் அறையில் பெரிய கட்டில்: நீங்கள், கணவர், சின்னப் பிள்ளைகள் இருவர். இரண்டு அறைக்கும் நடுவே உள்கதவு இருக்கும் அறைகள் உண்டு. அவற்றைக் கேளுங்கள். பக்கத்துப் பக்கத்து அறை என்று கேட்டால் உள்கதவு இல்லாத இரண்டு அறை கிடைக்கலாம். "நடுவில் கதவு உள்ள அறை" என்றே சொல்லிக் கேட்க வேண்டும்.

இதை இணையத்தில் முன்பதிவு செய்யும்போது குறிப்பாக எழுதினால் மட்டும் போதாது. அந்தக் குறிப்புகள் சில சமயம் ஹோட்டலின் கணினிக்கு வந்து சேருவதே இல்லை, கூடுதல் படுக்கைக்குக் கட்டிய பணம்கூட எங்கள் தாளில் இல்லாமல் விருந்தினர் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அறை ஒதுக்கும் வேலையை நான் வருடக்கணக்கில் செய்தவன், எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். முதல் நாள் இரவோ அன்று காலையோ, வரப்போகிறவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒருவர் உட்காருவார். அடிக்கடி வருபவர்கள், பெயருக்குப் பக்கத்தில் குறிப்பு உள்ளவர்கள், இவர்களுக்கு முதலில் அறை எண் போடுவார். குறிப்பே இல்லாதவர்களுக்கு மிச்சம் இருப்பது போகும்: மின்தூக்கிச் சத்தம் கேட்கும் அறை, சலவை வண்டிகள் நிற்கும் மூலை, நீண்ட நடையின் கடைசி. பணம் ஒன்றுதான், அறை வேறு. அதனால் போவதற்கு ஒரு வாரம் முன்னாலும், அப்புறம் இரண்டு நாள் முன்னாலும், வார நாளில் காலை பத்து மணிவாக்கில் நேராக ஹோட்டலுக்குப் போன் செய்யுங்கள். "71 வயது அம்மா வருகிறார், முழங்கால் முடியாது, தரைத்தளம் அல்லது மின்தூக்கிக்குக் கிட்ட வேண்டும், குளியல் தொட்டி வேண்டாம், நின்று குளிக்கும் இடம் வேண்டும்" என்று சொல்லுங்கள். பேசியவர் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குளியல் தொட்டி உள்ள அறைதான் இருக்கிறது என்றால் வழுக்காத ரப்பர் விரிப்பும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றும் கேளுங்கள். தொட்டியின் விளிம்பைத் தாண்டும்போதுதான் வயதானவர்கள் விழுகிறார்கள். என் பணிக்காலத்தில் அவசர வண்டி அழைத்த நாள்களில் கடலில் நடந்ததைவிடக் குளியலறையில் நடந்தது அதிகம்.

கேட்பதற்கு நம்மவர்கள் ரொம்பத் தயங்குகிறார்கள். தோட்டத்துக் கிராணியிடம் (கணக்கரிடம்) ஒரு நாள் லீவு கேட்கவே கையைப் பிசைந்துகொண்டு நின்ற தலைமுறை நம் அப்பா அம்மா. அந்தத் தயக்கம் படித்து வேலைக்குப் போன நம்மிடமும் மிச்சம் இருக்கிறது. ஆனால் முன்மேசையில் நிற்பவனுக்கு, முன்கூட்டிக் கேட்கிற விருந்தினர்தான் சுலபமான விருந்தினர். இரவு பத்து மணிக்கு, எல்லா அறையும் நிரம்பிய பிறகு, "அம்மாவால் அந்தப் படியில் ஏற முடியவில்லை" என்று தெரியவந்தால் அவனால் ஒன்றும் செய்ய முடியாது.

விலை விஷயத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் அதற்கு மேல் சேவைக் கட்டணமும் வரியும் உண்டு என்று அர்த்தம். சேவைக் கட்டணம் வழக்கமாக 10 விழுக்காடு. அரசாங்கத்தின் சேவை வரி 2024 மார்ச் முதல் தேதியிலிருந்து தங்குமிடத்துக்கு 8 விழுக்காடு. அதாவது 300 வெள்ளி (ரிங்கிட்) என்று பார்த்த அறை 350 வெள்ளியைத் தாண்டிவிடும், இரண்டு அறை, மூன்று இரவு என்றால் வித்தியாசமே 300 வெள்ளிக்கு மேல். மொத்த விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். விடுமுறைக் காலத்திலும் ஞாயிறு முதல் வியாழன் வரை தங்கினால் வெள்ளி, சனியைவிடக் குறையும். மூன்று இரவை இரண்டாக்கி, அந்தப் பணத்தில் நல்ல அறையாக எடுங்கள் என்பது என் யோசனை. வீட்டைவிட்டுப் பழகாத பெரியவர்களுக்கு மூன்றாவது நாள் காலையில் வீட்டுக் கோழியும் துளசிச் செடியும் நினைவுக்கு வந்துவிடும்.

இன்னொன்று, முன்பணம். அறைச் சாவி தரும்போது ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டைக் கொடுத்தால் அந்தப் பணம் உங்கள் கணக்கில் முடங்கி, திரும்பி வர இரண்டு வாரம்கூட ஆகலாம். விடுமுறை முடிந்து பள்ளிச் செலவு தொடங்கும் நேரத்தில் அது கையைக் கடிக்கும். ரொக்கமாக வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள், ரொக்கம் என்றால் கிளம்பும்போதே கையில் திரும்பக் கிடைக்கும், ரசீதை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

அம்மாவிடம் சிவப்பு அடையாள அட்டை (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தருவது) இருந்தால் இதைக் கவனியுங்கள். 2017 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி வாங்குகிறார்கள். குடிமக்களுக்கு அது கிடையாது, நிரந்தர வசிப்பிடத் தகுதி உள்ளவர்களுக்கும் கிடையாது. ஒருமுறை ஒரு ஹோட்டலில் விருந்தினனாக என் பெரியம்மாவோடு போய் நின்றபோது, புதிதாக வேலைக்கு வந்த பையன் சிவப்பு அட்டையைப் பார்த்துவிட்டு வெளிநாட்டவர் கணக்கில் பணம் கேட்டான். பத்து வெள்ளி பெரிதில்லை. இந்த மண்ணிலேயே பிறந்து, பால்வாளியோடு வாழ்க்கையைக் கழித்த கிழவி, "நான் எந்த ஊருக்காரிடா" என்று என் முகத்தைப் பார்த்ததை என்னால் மறக்க முடியவில்லை. அந்தப் பையனுக்கு விதி தெரியவில்லை, அவ்வளவுதான். நீங்கள் முன்னாலேயே, அம்மாவின் காதில் விழாமல், முன்மேசையில் சொல்லி முடித்துவிடுங்கள்.

சாப்பாடு. காலைப் பசியாறல் சேர்ந்த விலையாகவே எடுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் காசு எண்ணுகிற இடத்தில் அம்மா கோப்பியோடு நிறுத்திக்கொள்வார். எல்லாம் கட்டியாகிவிட்டது என்று தெரிந்தால் கொஞ்சம் தாராளமாகச் சாப்பிடுவார். மாட்டிறைச்சி சாப்பிடாத குடும்பம் என்றால் பசியாறும் இடத்தில் சாசேஜ், ரெண்டாங் (மசாலா இறைச்சிப் பிரட்டல்), மீ சூப் மூன்றிலும் விசாரித்துக்கொள்ளுங்கள். "ஆயாம்" என்று எழுதியிருந்தால் கோழி, "டாகிங்" அல்லது "லெம்பு" என்றால் மாடு. அம்மா வெள்ளிக்கிழமை சைவம் என்றால் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சம்பலில் நெத்திலி இருக்கும், காய்கறிப் பிரட்டலிலும் இறால் விழுதோ சிப்பிச் சாறோ விழுந்திருக்கும். முந்தின நாள் மாலையே சமையலறைக்குச் சொல்லி வைத்தால் தனியாக ஏதாவது செய்து தருவார்கள். சர்க்கரை நோயாளிக்குச் சாப்பாட்டு நேரம் தவறக் கூடாது என்பதால் ரொட்டி, பிஸ்கட், பழம் கைப்பையில் இருக்கட்டும். அறைக்குள் சமைக்க விடமாட்டார்கள், சுடுநீர்க் கெண்டி மட்டும் இருக்கும்.

தண்ணீரைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன், மன்னிக்கவும். ஐந்து வயதுப் பிள்ளையை நீச்சல் குளத்தருகே ஒரு நொடிகூடத் தனியாக விடாதீர்கள். நீரில் மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டாது. வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும்போது மூச்சு எடுக்கவே நேரம் போதாது, சத்தம் எங்கிருந்து வரும். பக்கத்தில் பத்துப் பேர் இருந்தும் யாரும் கவனிக்காமல் போவது அதனால்தான். பல ஹோட்டல்களில் குளத்துக்குக் காவலர் கிடையாது, ஒரு பலகைதான் இருக்கும். கையில் மாட்டும் காற்றுப்பை விளையாட்டுப் பொருள், பாதுகாப்புக் கருவி இல்லை. பெரியவர்கள் நான்கு பேர் இருக்கிறீர்கள். அம்மாவை விட்டுவிட்டு மற்ற மூவரும் இருபது நிமிடத்துக்கு ஒருவராக முறை வைத்துக்கொள்ளுங்கள். முறை யாருடையதோ அவர் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது. எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம் என்று நினைக்கும்போது யாருமே பார்ப்பதில்லை, அப்படி நடந்த ஒரு மாலையை நான் கிட்ட நின்று பார்த்தவன். அந்தப் பிள்ளை பிழைத்தது, தோட்டவேலை செய்யும் ஒருவர் குதித்து எடுத்தார்.

கடலில் சிவப்புக் கொடி இருந்தால் கால்கூட நனைக்க வேண்டாம். இழுப்பு உள்ள இடத்தில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும், மூத்த மகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். நம் மேற்குக் கரையில் பெட்டிச் சொறிமீன் (பாக்ஸ் ஜெல்லிமீன்) உண்டு. அது கொட்டினால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. வினிகரை அரை நிமிடத்துக்குக் குறையாமல் ஊற்றி, உடனே மருத்துவ உதவி தேட வேண்டும். எல்லா வகைச் சொறிமீனுக்கும் வினிகர் சரியா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை, பெட்டிச் சொறிமீனுக்குச் சரி என்பது தெளிவானது. ஒரு சின்னப் பாட்டில் வினிகர் பையில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு நீண்ட கைச் சட்டையோடு உள்ள நீச்சல் உடை வாங்குங்கள், வெயிலுக்கும் ஆச்சு, கொட்டுவதற்கும் ஆச்சு. பருத்தி உடையோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள் என்பதும் ஒரு காரணம்.

அம்மா கைலியோடு குளத்தில் இறங்க முடியாது. கடலில் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். ஆனால் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். நாள்பட்ட சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், சிப்பி கீறினதோ மணல் சுட்டதோ தெரியாது. காலில் மாட்டிக்கொள்கிற, பின்வார் உள்ள ரப்பர்ச் செருப்பு போதும். கடலும் ஒரே இடத்தில் இருக்காது, நீர் வற்றிய நேரத்தில் தூரமாகப் போய்விடும், நிறைந்த நேரத்தில் கிட்ட வரும். முழங்கால் வலியோடு ஈர மணலில் அவ்வளவு தூரம் நடப்பது கஷ்டம். நீர் ஏறும் நேரத்தை முன்மேசையில் கேட்டு, அதற்கேற்ற மாதிரி அழைத்துப் போங்கள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை அலை வந்து காலைத் தொடும் இடத்தில் போட்டுக் கொடுத்தால் அவர் எழுந்திருக்கவே மாட்டார்.

கடைசியாக, யாரும் சொல்லாத ஒன்று. என் அம்மாவை நான் வேலை செய்த ஹோட்டலுக்கு ஒருமுறை அழைத்து வந்தேன். ஊழியர் சலுகையில் ஒரு நல்ல அறை, கடலைப் பார்த்த மாதிரி. மறுநாள் காலை எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்டேன், நன்றாகத் தூங்கினேன் என்றார். என் மகள்தான் பிறகு சொன்னாள்: பாட்டி நாலரை மணிக்கே எழுந்துவிட்டார், விளக்கைப் போட்டால் பிள்ளைகள் விழித்துக்கொள்வார்கள் என்று இருட்டிலேயே குளியலறைக்குள் போய், கழிப்பறைத் தொட்டியின் மூடியைக் கவிழ்த்து அதன்மேல் ஏழு மணிவரை உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய்ப் போய் நாலரைக்கு விழித்த உடம்பு, வேலையை விட்டு இருபது வருடம் ஆகியும் மாறவில்லை. நம் நாட்டில் விடிவதே ஏழு மணி சுமாருக்கு, பசியாறும் இடம் திறப்பதும் அப்போதுதான். அந்த இரண்டரை மணி நேரத்தை அவர் என்ன செய்வார் என்று, ஹோட்டல்காரனான நான் யோசிக்கவே இல்லை.

உங்கள் அம்மாவும் அந்த நேரத்துக்குத்தான் எழுவார். அதனால் அவர் அறைக்கு வராந்தாவோ பால்கனியோ இருக்கிறதா என்று போனில் முதலிலேயே கேளுங்கள், நான்கு நட்சத்திரமா ஐந்து நட்சத்திரமா என்பது அப்புறம். அங்கே ஒரு நாற்காலி போட்டு, கெண்டி, கோப்பை, கோப்பித் தூள், நாலு பிஸ்கட் எல்லாவற்றையும் இரவே எடுத்து வைத்துவிடுங்கள். குளியலறை விளக்கை எரியவிட்டுக் கதவை ஒருக்களித்து வைத்தால் நடக்க வெளிச்சம் போதும். கண்ணாடிக் கதவை எப்படித் திறந்து மூடுவது என்று ஒருமுறை காட்டிக் கொடுங்கள், பகலில் குரங்கு உள்ளே வராமல் இருக்க அதைப் பூட்டவும் தெரிந்திருக்க வேண்டும். முதல் நாள் மட்டும் நீங்களும் ஐந்து மணிக்கு எழுந்து அவரோடு உட்காருங்கள். பங்கோரின் மேற்குக் கரையில் சூரியன் மலைக்குப் பின்னால் எழும், அதனால் கடல் கடைசியாகத்தான் வெளுக்கும். அதுவரைக்கும் இருட்டில் அலைச் சத்தம் மட்டும் வரும், அப்போது அவர் பேசுவார்.

பணம் சரியா என்று கேட்டீர்கள். கடன் வாங்காமல், பிள்ளைகளின் பள்ளிச் செலவில் கைவைக்காமல் முடிகிறது என்றால், இரண்டு அறை, இரண்டு இரவு, ஞாயிற்றுக்கிழமை போய்ச் செவ்வாய்க்கிழமை திரும்புவது, சரி என்றே நான் சொல்வேன். தேதி முடிவானதும் எழுதுங்கள், அந்த நாள்களில் நீர் ஏறும் நேரம் பார்த்துச் சொல்கிறேன்.